சம்பளம் ஒரு கம்பெனி, வேலை ஒரு கம்பெனி

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் வாடகைக்கு அறை தேடிப் போகும் இளைஞரிடம், எந்த கம்பெனியில் வேலை என்று கேட்பதோடு வீட்டுக்காரர் நிறுத்திக்கொள்வதில்லை. ‘கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா?’ என்பது அடுத்த கேள்வி. பெண் பார்க்கப் போகும் இடத்திலும் அதே கேள்வி வரும். வண்டிக் கடனுக்கு விண்ணப்பித்தால் வங்கியும் அதையேதான் வேறு சொற்களில் கேட்கும். உலகம் முழுவதும் பெயர் தெரிந்த ஒரு கார் கம்பெனியின் சட்டையை அணிந்திருப்பார், அந்த கம்பெனியின் பஸ்ஸில் வந்து இறங்குவார், அதன் கேன்டீனில்தான் சாப்பிடுவார். சம்பளச் சீட்டில் மட்டும் வேறொரு பெயர் இருக்கும். பெங்களூரிலோ அண்ணாநகரிலோ அலுவலகம் வைத்திருக்கும் ஒரு ஏஜென்சியின் பெயர் அது.

இன்று தமிழ்நாட்டின் தொழில்பேட்டைகளில் புதிதாக வேலைக்குப் போகிறவர்களில் பலரும் இந்த வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். ஒன்றிய அரசின் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பைப் பார்த்தால், 1999-2000ல் இந்திய ஆலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளி. 2022-23ல் அது ஐந்தில் இருவரைத் தாண்டிவிட்டது. இருபத்து மூன்று ஆண்டுகளில் இரண்டு மடங்கு. துப்புரவும் தோட்டவேலையும் காவலும் மட்டும்தான் இந்தக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். கார் கதவைப் பூட்டுகிறவர், செல்போன் பலகையில் சில்லு பொருத்துகிறவர், டயர் அச்சில் நிற்கிறவர் எல்லோரும் இதில் அடக்கம்.

ஏஜென்சி வழியாக வேலைக்குப் போட்டியிடுவது என்றால் என்ன என்பதை இங்கே விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஐடிஐ, டிப்ளமோ, பி.இ. முடித்து ஊரிலிருந்து கிளம்பி வரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அவர்கள் கலந்துகொள்வது ஒரே ஒரு போட்டியில் அல்ல. இன்டர்வியூவோடு முடிந்துவிட்டதாக நினைக்கும் போட்டிக்குப் பின்னால் இன்னும் இரண்டு போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் அவர்களுடைய திறமைக்கு வேலையே இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் வேலை

முதல் போட்டி எல்லோருக்கும் தெரிந்தது. ‘உடனடி வேலைவாய்ப்பு. வயது 18 முதல் 28. பத்தாவது முதல் டிகிரி வரை. தங்குமிடம் இலவசம், பஸ் வசதி உண்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பேருந்து நிலையங்களின் தூண்களில் அதே வாசகம் ஒட்டப்பட்டிருக்கும். கீழே இரண்டு செல்போன் எண்கள். எந்த கம்பெனி என்று சில சமயம் இருக்கும், பல சமயம் ‘முன்னணி நிறுவனம்’ என்று மட்டும் இருக்கும். ஆதார், மார்க் ஷீட், வங்கிப் புத்தகம், போட்டோவோடு குறிப்பிட்ட காலையில் குறிப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும். உயரம், எடை, கண் பார்வை பார்ப்பார்கள். சில இடங்களில் சின்னதாக ஓர் எழுத்துத் தேர்வு இருக்கும். ‘இப்போ எடுக்கிறாங்க’ என்றால் மூன்றே நாளில் லைனில் நிற்கலாம். ‘இப்போ நிறுத்திட்டாங்க’ என்றால் எவ்வளவு படித்திருந்தாலும் வீட்டுக்குத்தான்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இதற்கு முன் இருந்த வழி நல்ல வழியாக இருக்கவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்து, தபால்காரர் கொண்டுவரும் கார்டுக்காகத் தலை நரைக்கும்வரை காத்திருந்த ஒரு தலைமுறை நம் வீடுகளில் இருக்கிறது. தனியார் ஆலை என்றால் யாராவது சிபாரிசு செய்ய வேண்டும். உள்ளே மாமா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்சிக்காரர் கடிதம் வேண்டும். அப்படி யாருமே இல்லாத, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன ஒரு பெண்ணுக்கு ஒரே வாரத்தில் வேலையும் வங்கிக் கணக்கில் சம்பளமும் கிடைக்க ஏஜென்சி வழி செய்திருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை. நுழைவதற்குக் கதவு திறந்தது. திறந்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

ஒரு தலைக்கு எவ்வளவு?

இரண்டாவது போட்டி தொழிலாளி இல்லாத அறையில் நடக்கிறது. கம்பெனி ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் வேண்டும் என்று நான்கைந்து ஏஜென்சிகளிடம் விலை கேட்கிறது. யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு ஆர்டர். இங்கே விலை என்பது சேவைக் கட்டணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் முதலாளி தரப்பு பி.எஃப்., அதோடு சேர்ந்த நிர்வாகச் செலவும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், ஏறத்தாழ 488 ரூபாய். ஏஜென்சியின் சேவைக் கட்டணம் 5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 872 ரூபாய். இந்த மொத்தத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏஜென்சி அனுப்பும் பில் ஒரு ஆளுக்கு 21,600 ரூபாய் அளவில் வந்து நிற்கும். (அந்த ஜி.எஸ்.டி.யை உற்பத்தி செய்யும் கம்பெனி பெரும்பாலும் உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியும்.) தொழிலாளியின் பங்கான 12 சதவீத பி.எஃப்., 0.75 சதவீத இ.எஸ்.ஐ. பிடித்ததுபோக அவர் கைக்கு வருவது 13,087 ரூபாய்.

இந்த பில்லில் சட்டப்படி குறைக்கக்கூடிய தொகை எது என்று பாருங்கள். சம்பளத்தை கம்பெனி நிர்ணயித்துவிட்டது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி. எல்லாம் அரசு நிர்ணயித்தவை. மிஞ்சுவது அந்த 872 ரூபாய் மட்டும்தான். ஒரு ஏஜென்சி 5 சதவீதம் கேட்டால் இன்னொன்று 3 கேட்கிறது, மூன்றாவது அதற்கும் கீழே போகிறது. அந்தக் காசில்தான் ஆள் பிடிக்கும் செலவு, சூப்பர்வைசர் சம்பளம், அலுவலக வாடகை எல்லாம் அடங்க வேண்டும். அதோடு இன்னொரு சுமையும் உண்டு. தொழிலாளிக்குச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. கம்பெனியோ பில்லுக்குப் பணம் தர 45 நாள், 60 நாள் எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட நாட்களுக்கு ஏஜென்சி தன் பணத்தைப் போட்டோ கடன் வாங்கியோ சம்பளம் கொடுக்க வேண்டும்.

பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய ஏஜென்சிகள் பல்லாயிரக்கணக்கான ஆட்களின் எண்ணிக்கையால் இதைச் சமாளிக்கின்றன. சப்-கான்ட்ராக்ட் எடுக்கும் சின்ன ஏஜென்சிகள் எப்படிச் சமாளிக்கும்? சட்டம் குறைக்க விடாததைக் காகிதத்துக்கு வெளியே குறைப்பார்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மிச்சத்தைப் படிகளாகப் பிரித்து பி.எஃப். குறைப்பது ஒரு வழி. யூனிஃபார்முக்கு, ஷூவுக்கு, ஐ.டி. கார்டுக்கு, ‘இலவச’ தங்குமிடத்துக்குப் பிடித்தம் செய்வது இன்னொரு வழி. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொன்னாலும் ஒற்றையாகக் கணக்குப் போடுவார்கள். வேலையை விட்டுப் போகிறவருக்கு விடுப்புச் சம்பளமும் போனஸும் ‘செட்டில்மென்ட்ல வரும்’ என்று சொல்லி இழுத்தடிப்பார்கள். நூறு ரூபாயாக, முந்நூறு ரூபாயாகப் போவதால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஒரு ஆளுக்கு மாதம் முந்நூறு என்றால் ஐந்நூறு ஆளுக்கு எவ்வளவு என்பதை அந்த ஏஜென்சி நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கும்.

இந்த ஏலத்தில் ஒரு முறை ஜெயித்த ஏஜென்சி அடுத்த ஆண்டு தோற்கலாம். அப்போது பழைய ஆட்கள் அதே லைனில், அதே மெஷினில், அதே சூப்பர்வைசரின் கீழ் புதிய ஏஜென்சியின் பெயருக்கு மாற்றப்படுவார்கள். புதிய படிவத்தில் கையெழுத்து, புதிய கார்டு, சேர்ந்த தேதியும் புதிது. நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் உழைத்தவர் ஒரே நாளில் புதுமுகமாகிறார். தொடர்ந்த பணிக்காலத்தை வைத்துக் கணக்கிடும் பணிக்கொடை அங்கே அறுபடுகிறது. சில இடங்களில் பி.எஃப். கணக்கைப் பழைய எண்ணோடு சேர்க்காமல் புதிதாகத் திறந்துவிடுகிறார்கள். பழைய பணம் எங்கோ ஒரு கணக்கில் தூங்கும்.

480 நாள்

மூன்றாவது போட்டி நாள்காட்டியோடு. தமிழ்நாட்டுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 1981ல் வந்த, தொழில் நிறுவனங்களில் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாத காலத்தில் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நாட்டில் பல மாநிலங்களில் இல்லாத பாதுகாப்பு இது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய சட்டமும்கூட.

அந்த 480 என்ற எண்ணைத் தொழிலாளிகளைவிட ஏஜென்சிகளும் மனிதவளத் துறைகளும்தான் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. அந்த எண்ணை நெருங்கும் முன்பே ‘பிரேக்’ வரும். ‘ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வா, திரும்பக் கூப்பிடுறோம்’ என்பார்கள். திரும்ப வரும்போது வேறு ஏஜென்சி அல்லது அதே ஏஜென்சியில் வேறு எண். பயிற்சியாளர் என்ற பெயரில் எடுத்தால் இந்தக் கேள்வியே எழாது. 2013ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) கொண்டுவந்த ‘நீம்’ திட்டம் அந்த வழியை அகலமாகத் திறந்துவிட்டது. இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கப் போட்ட திட்டம், உற்பத்தி லைனில் முழு ஷிஃப்ட் நிற்கும் ஆட்களைப் பயிற்சியாளர் என்று கணக்குக் காட்டப் பல இடங்களில் பயன்பட்டது. உதவித்தொகை பெறும் பயிற்சியாளருக்குத் தொழிலாளி என்ற தகுதி இல்லை. பின்னர் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ‘ட்ரெயினி’ என்ற அட்டை இன்னும் பலருடைய கழுத்துகளில் தொங்குகிறது.

இந்த மூன்றாவது போட்டியில் நன்றாக வேலை செய்வதால் பயன் இல்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. லீவு போடாமல் வந்தால் நாட்கள் சீக்கிரம் கூடும், பிரேக் சீக்கிரம் வரும். ‘நல்லா பண்ணினா ரோலுக்கு எடுத்துப்பாங்க’ என்ற நம்பிக்கையில் இருபது வயதுப் பையன்கள் உடம்பைக் கசக்கிக்கொள்கிறார்கள். எப்போதாவது நாலைந்து பேரை எடுக்கவும் செய்வார்கள். அந்த நாலைந்து பேரைக் காட்டித்தான் மற்ற நூறு பேர் ஓட வைக்கப்படுகிறார்கள்.

வெளிமாநிலத் தொழிலாளிமீது எரியும் கோபமும் இங்கிருந்துதான் வருகிறது. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் ஏஜென்சிகள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும்போது, ‘வடக்கன் வந்து நம்ம வேலையைப் பிடுங்கிட்டான்’ என்று உள்ளூர்ப் பையன் நினைக்கிறான். இருவர் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். யாரும் யாருடைய வேலையையும் பிடுங்கவில்லை. 480 நாளைக் கேட்கத் தெரியாத, கேட்டால் இரண்டாயிரம் கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டிய ஒருவரைத் தேடித்தான் அந்த ரயில் டிக்கெட் போடப்பட்டது. உள்ளூர்ப் பையன் கேட்பான் என்ற பயத்தால் அவனுக்கு வேலை மறுக்கப்படுகிறது. கேட்க மாட்டான் என்ற நம்பிக்கையால் இவனுக்கு வேலை தரப்படுகிறது.

கங்காணி கண்ட வழி

இடையில் ஒரு ஆள் நின்று தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் முறை தமிழர்களுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டியவர் கங்காணி. இலங்கையில், தன் ஆட்களில் அன்றைக்கு வேலைக்கு வந்தவர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று கங்காணிக்குத் தனிக் காசு உண்டு. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ என்ற சீட்டைக் காட்டி, புதிய தோட்டம் கடனைக் கட்டினால்தான் அவர் இடம் மாற முடியும். அந்தத் துண்டு முறை ஒழிய 1921 ஆனது. இந்திய ஆலைகளிலும் இதே வேலையை ஜாபர், மேஸ்திரி என்ற பெயர்களில் சிலர் செய்தார்கள். தொழிலாளர் நிலையை ஆராய 1929ல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் 1931ல் தந்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. லஞ்சம் வாங்காமல் அவர் வேலை கொடுப்பதில்லை என்பது அதற்குக் காரணம்.

இன்றைய ஏஜென்சியைக் கங்காணி என்று சொல்லிவிட முடியாது. கடனுக்கு அடிமையாக்கும் துண்டு இன்று சட்டப்படி கிடையாது, சம்பளம் வங்கிக்கு வருகிறது. அமெரிக்காவில் 1940களில் கெல்லி, மேன்பவர் போன்ற நிறுவனங்கள் அலுவலகங்களுக்குத் தற்காலிக ஆட்களை அனுப்பத் தொடங்கியபோது பிறந்த தொழில் இது. சென்னையில் 1992ல் க.பாண்டியராஜன் (பின்னாளில் தமிழக அமைச்சராகவும் இருந்தவர்) தொடங்கிய மாஃபா, இந்தத் துறையில் இந்திய அளவில் வளர்ந்து, பிறகு நெதர்லாந்தின் ரேண்ட்ஸ்டாட் குழுமத்தின் கைக்குப் போனது. டீம்லீஸ், குவெஸ் என்று இன்னும் பெரிய பெயர்கள் அதன்பின் வந்தன. வேலை தேடுகிறவரிடம் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையின் மைய விதி. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. அதனால்தான் ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் ஐந்நூறு’ என்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் ஒருவரால் துணிந்து கேட்க முடிகிறது.

சட்டம் என்ன செய்தது?

1970ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் பெயரிலேயே முறைப்படுத்தலும் ஒழிப்பும் இரண்டும் இருந்தன. ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையா, நிறுவனத்தின் தொழிலுக்குத் தேவையான வேலையா, மற்ற இடங்களில் நிரந்தரத் தொழிலாளிகள் செய்கிற வேலையா என்று பார்த்து, அப்படியானால் அரசு அதில் ஒப்பந்த முறையைத் தடை செய்யலாம் என்றது அதன் 10ஆம் பிரிவு. தடை செய்துவிட்டால் ஏற்கெனவே வேலை பார்த்தவரின் கதி என்ன என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் ஐம்பது ஆண்டு வழக்குகள் நடந்தன.

ஏர் இந்தியா ஸ்டேச்சுட்டரி கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தடை வந்துவிட்டால் தொழிலாளிகள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியர்கள் ஆகிவிடுகிறார்கள் என்றது. அந்தத் தீர்ப்பு 1996 நவம்பரில் வந்தது. ஐந்து ஆண்டுகூட நிற்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30ல் செயில் (இந்திய உருக்கு ஆணையம்) வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் மட்டுமே தொழிலாளிக்கு உரிமை என்றாகிவிட்டது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு? பதிவேடு எதுவும் கையில் இல்லாத தொழிலாளிக்கு. 2009ல் வந்த இன்னொரு தீர்ப்பு இதை இன்னும் கடினமாக்கியது. லைனில் அன்றாடம் வேலை சொல்வது கம்பெனி சூப்பர்வைசராக இருந்தாலும், ஆளை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது ஏஜென்சி என்றால் முதன்மைக் கட்டுப்பாடு ஏஜென்சியிடம்தான் என்றது.

நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 1970 சட்டத்தின் இடத்தில் இப்போது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு. பழைய சட்டம் இருபது ஒப்பந்தத் தொழிலாளிகள் இருந்தாலே பொருந்தியது. புதியதில் அந்த வரம்பு ஐம்பது. நிறுவனத்தின் மையத் தொழிலில் ஒப்பந்தத் தொழிலாளி கூடாது என்று 57ஆம் பிரிவு சொல்வதைப் படித்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அடுத்த வரியில் விதிவிலக்குகள் வருகின்றன. திடீரென்று வேலை கூடினால் வைத்துக்கொள்ளலாம். அந்த வேலை வழக்கமாகவே ஒப்பந்ததாரர் மூலம் நடப்பதென்றால் வைத்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளாக வழக்கமாக்கி வைத்திருப்பதையே அனுமதிக்குக் காரணமாக்கும் விதிவிலக்கு இது. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்பது இந்தத் தொகுப்பில் எனக்கு உண்மையாகவே பிடித்த பகுதி. அதில் எந்த முதலாளியின் பெயர் இருக்கும் என்பதுதான் கேள்வி.

பெண்களுக்கு இன்னொரு வடிகட்டி

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி, ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று சொல்ல ஆள் இல்லை. டிசம்பர் 17 இரவு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்களின் கேள்வி மிக எளிமையானது: எங்களோடு தங்கியிருந்தவர்கள் எங்கே? விடுதியை நடத்தியது ஒப்பந்ததாரர், வேலைக்கு எடுத்தது ஒப்பந்ததாரர், வேலை கொடுத்தது ஃபாக்ஸ்கான், பொருள் ஆப்பிளுடையது. நான்கு பெயர்கள் இருந்தன. அந்த இரவில் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. ஆலையை ஆப்பிள் கண்காணிப்பில் வைத்தது. மூடப்பட்டிருந்த ஆலை 2022 ஜனவரி 12ல் மீண்டும் திறந்தது. பின்னர் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் சிப்காட் மூலம் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சாலையில் உட்கார்ந்ததால் கிடைத்தவற்றில் அதுவும் ஒன்று என்றே நான் நம்புகிறேன்.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி, அதே ஆலைக்கு ஆள் எடுத்த ஏஜென்சிகள் திருமணமான பெண்களை ஒதுக்கியதாகச் சொன்னது. நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றை விளம்பரங்களிலிருந்து நீக்கும்படி ஏஜென்சிகளுக்கு நிறுவனம் சொல்லிவிட்டதாக மறுபடி செய்தி வந்தது. ஒரு கம்பெனி தன் லெட்டர்பேடில் எழுதத் துணியாததை ஏஜென்சியின் வாட்ஸ்அப் செய்தியில் எழுதிவிட முடிகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விளம்பரத்தில் வரியை அழித்துவிடலாம். வாக்-இன் வரிசையில் நிற்கும் பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கிறதா, காலில் மெட்டி இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணை யார் கண்காணிப்பது?

ஒரே ரெஸ்யூமே, ஐந்து ஏஜென்சி

ஐடி கம்பெனிகள் நிறைந்த சென்னை ஓ.எம்.ஆரில் சம்பளம் அதிகம், நாற்காலி மெத்தை வைத்தது. ஆனால் ‘தேர்ட் பார்ட்டி பேரோல்’ அங்கும் உண்டு. அங்கே போட்டி வேறு மாதிரி வதைக்கும். ஒரு பணியிடத்துக்கு கம்பெனி ஒரே நேரத்தில் பல ஏஜென்சிகளிடம் ஆள் கேட்கும். எந்த ஏஜென்சி முதலில் ஒருவருடைய ரெஸ்யூமேயைப் பதிவேற்றுகிறதோ அந்த ஏஜென்சிக்கே கமிஷன். எனவே காலையிலிருந்து ஒரே வேலைக்கு ஐந்து பேர் அழைப்பார்கள். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டார்கள். வேலை தேடும் பிள்ளை ஐந்து பேருக்கும் சரி என்று சொல்லிவிடும். இரண்டு ஏஜென்சி வழியாக ஒரே பெயர் வந்தால் ‘டூப்ளிகேட்’ என்று பல கம்பெனிகள் அந்தப் பெயரையே ஒதுக்கிவிடும், அல்லது முதலில் பதிவேற்றிய ஏஜென்சியின் பெயரில் மாதக்கணக்கில் பூட்டிவிடும். அந்தப் பிள்ளைக்குக் காரணம் சொல்லப்படாது. தனக்குத் தகுதி இல்லை என்று நினைத்து இன்னொரு கோர்ஸில் பணம் கட்டும். கிளையன்ட் பெயரைக் கேட்காமல் யாருக்கும் ரெஸ்யூமே தராதீர்கள். ஒருவருக்கு ஒப்புக்கொண்டால் அதை மின்னஞ்சலில் எழுதுங்கள். அதே இடத்துக்கு இன்னொருவர் அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

அரசு வேலையும் இந்தப் பாதைக்குள் வந்துகொண்டிருக்கிறது. 2022 அக்டோபரில் தமிழக அரசு வெளியிட்ட அரசாணை எண் 115, வெளிமுகமை மூலம் பணியிடங்களை நிரப்புவது பற்றி ஆராயக் குழு அமைத்தபோது எழுந்த எதிர்ப்பால் அதன் ஆய்வு வரம்புகள் கைவிடப்பட்டன. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் அமர்ந்திருந்ததும் இதே கேள்விக்காகத்தான். மாநகராட்சியின் குப்பையை அள்ளும் நாங்கள் யாருடைய ஊழியர்கள் என்று கேட்டார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். சமூகநீதி பேசும் மண்ணில், இட ஒதுக்கீடு ஏஜென்சி வழி நியமனத்துக்குப் பொருந்துவதில்லை என்பதை இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

துறைமுகத்தில் இருந்த வழி

தற்காலிகத் தேவை என்பது பொய்யல்ல. தீபாவளிக்கு முன்பு ஆர்டர் கூடும், பிறகு குறையும். அதற்காகத் தொழிலாளியின் வாழ்க்கை ஆடித்தான் ஆக வேண்டும் என்று விதி இல்லை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை என்றிருந்த துறைமுகத்தைவிடத் தற்காலிகமான இடம் ஒன்று இருக்க முடியாது. 1948ல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து, சென்னை உள்ளிட்ட துறைமுகங்களில் வாரியம் அமைத்தார்கள். தொழிலாளி வாரியத்தில் பதிந்திருப்பார். கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் ஒப்பந்ததாரரான ஸ்டீவடோர் யார் கூப்பிட்டாலும் அவருடைய பணிக்காலம் வாரியத்தின் கணக்கில் ஒன்றாகவே ஏறும். வேலை இல்லாத நாளில் வந்து கையெழுத்திட்டாலும் ஒரு தொகை உண்டு. செலவுக்கு முதலாளிகளிடம் தீர்வை வசூலித்தார்கள். மகாராஷ்டிரத்தின் 1969 மாத்தாடி சட்டம் சுமைதூக்குவோருக்கு இதையே செய்தது. கூலியையும் தீர்வையையும் வாரியம் வாங்கி, தொழிலாளிக்கு வாரியமே கொடுத்தது. கன்டெய்னர்கள் வந்து துறைமுக வாரியங்களின் காலம் முடிந்தது உண்மைதான். அவை காட்டிய வழி பிழை என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

இன்று அதைச் செய்வது அன்றைவிட எளிது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் யு.ஏ.என். என்ற ஒரே பி.எஃப். எண் இருக்கிறது. எந்த மாதம் எந்த ஏஜென்சி பணம் கட்டியது என்ற விவரம் அதில் வரிவரியாக இருக்கிறது. ஒப்பந்ததாரர்கள் பி.எஃப். கட்டினார்களா என்று முதன்மை நிறுவனங்கள் பார்க்கும் வசதியையும் பி.எஃப். நிறுவனம் ஏற்படுத்தியிருக்கிறது. அப்படியானால் எந்த ஆலையில் எந்தத் தொழிலாளி எத்தனை ஏஜென்சி மாறி மொத்தம் எத்தனை நாள் வேலை பார்த்தார் என்பதைக் கணக்கிடத் தொழிலாளர் துறை ஆலைக்குள் போகக்கூட வேண்டாம். ஏஜென்சி மாறினாலும் இடம் மாறாதவரின் பணிக்காலம் தொடர்ந்ததாகவே கருதப்படும் என்று மாநில அரசு தன் விதிகளில் எழுத வேண்டும். ஏலத்தில் கேட்கப்பட்ட சேவைக் கட்டணம் எவ்வளவு என்பதைத் தொழிலாளி பார்க்கும்படி ஆலை வாசலில் ஒட்ட வேண்டும். இவை புரட்சி கேட்கும் கோரிக்கைகள் அல்ல.

அதுவரை, வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சிலவற்றைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். நியமனக் கடிதம் இல்லாமல் முதல் ஷிஃப்டுக்கு நிற்காதீர்கள். புதிய ஏஜென்சி வந்தால் பழைய யு.ஏ.என்.ஐயே கொடுங்கள். மாதம் ஒருமுறை பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா பாருங்கள். இ.எஸ்.ஐ. எண்ணையும் அப்படியே. ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்று பழைய சட்டமும் சொன்னது, புதிய தொகுப்பும் சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கு உள்ளே இருக்கும் கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள். ஐ.டி. கார்டு, கேட் பாஸ், பஸ் பாஸ், ஷிஃப்ட் அட்டவணை, சூப்பர்வைசர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தேதியோடு வீட்டில் ஒருவருடைய போனுக்கும் அனுப்பிவையுங்கள். ஒப்பந்தம் கண்துடைப்பு என்று என்றைக்காவது வழக்கில் நிரூபிக்க வேண்டிவந்தால், நீதிபதி கேட்கப்போவது இந்தக் காகிதங்களைத்தான்.